டாக்டரின் நேரம் எங்கே போகிறது? அரசு மருத்துவமனை டீன்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய டீன்களுக்கும் கண்காணிப்பாளர்களுக்கும்,

வணக்கம். ஓ.பி.யில் ஏன் இவ்வளவு கூட்டம் என்று யார் கேட்டாலும், டாக்டர் போதவில்லை, பணியிடங்கள் காலியாகக் கிடக்கின்றன என்கிறீர்கள். உண்மைதான். ஆனால் இருக்கிற டாக்டரின் நேரம் எங்கே போகிறது என்று யாராவது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததுண்டா?

அப்பாவுக்குச் சர்க்கரை மாத்திரை வாங்க மாதாமாதம் ஓர் அரசு மருத்துவமனைக்குப் போகிறவன் நான். அங்கே எம்.டி. படித்த மருத்துவர் தன் கையாலேயே பிரஷர் பட்டையைச் சுற்றுகிறார், காற்றடிக்கிறார், போன மாதம் எழுதிய அதே மாத்திரைகளை மறுபடியும் நோட்டில் எழுதுகிறார். நடுவே ஒருவர் சான்றிதழில் கையெழுத்து கேட்டு வந்து நிற்கிறார். டாக்டர் கட்டாயம் பார்த்தே ஆக வேண்டிய நோயாளி வெளியே தூணில் சாய்ந்தபடி உட்கார்ந்திருக்கிறார்.

இதற்கு வழி கண்டவர் உங்கள் துறையில் இருந்தவர்தான். டாக்டர் கோ. வெங்கடசாமி மதுரையில் அரசு கண் மருத்துவராகப் பல்லாண்டு வேலை பார்த்தவர். முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன பிறகு அந்த விரல்களாலேயே கத்தி பிடிக்கப் பழகியவர். 58 வயதில் ஓய்வு பெற்று, 1976இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அவர் உதாரணம் காட்டியது எந்தப் பெரிய ஆஸ்பத்திரியையும் அல்ல, மெக்டொனால்ட்ஸ் பர்கர் கடையை! எந்த ஊர்க் கிளைக்குப் போனாலும் ஒரே தரம், ஒரே வேகம். கண்புரை அறுவைக்கு மட்டும் அது ஏன் முடியாது என்று கேட்டார். உங்கள் ஆய்வுக் கூட்டத்தில் இன்று ஒருவர் எழுந்து இப்படிக் கேட்டால் என்ன நடக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

அரவிந்தின் அறுவை அரங்கில் ஒரு டாக்டருக்கு இரண்டு மேசை. ஒன்றில் அவர் வேலை செய்யும்போதே மற்றதில் அடுத்த நோயாளியைத் தயார்படுத்தி விடுகிறார்கள். முதல் கண் முடிந்ததும் மைக்ராஸ்கோப்பை அப்படியே அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு அடுத்ததைத் தொடங்குகிறார். பார்வை அளப்பது, சொட்டு மருந்து விடுவது, நோயாளியிடம் விளக்கிப் பேசுவது எல்லாம் கிராமங்களிலிருந்து வந்து அங்கேயே பயிற்சி பெற்ற பெண்களின் வேலை. டாக்டரால் மட்டுமே முடிவது எதுவோ அதை மட்டும் டாக்டர் செய்கிறார். அப்புறம் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸின் விலை இடித்தது. 1992இல் ஆரோலேப் என்ற தயாரிப்புக்கூடத்தைத் தொடங்கி அதையும் தாங்களே செய்ய ஆரம்பித்தார்கள்.

கண்புரை ஒரே மாதிரி அறுவை, எங்களிடம் வருவது நூறு வகை நோய் என்பீர்கள். சரி, இரண்டு மேசையை அப்படியே கொண்டுவரச் சொல்லவில்லை. ஆனால் சர்க்கரை, பிரஷர் நோயாளிக்கு மாத்திரை தர மாதாமாதம் டாக்டர் எதற்கு? 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அந்த மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுப்பதும் இதே அரசுதானே?

நான் கேட்பது இவ்வளவுதான். ஒரே ஒரு ஓ.பி.யைத் தேர்ந்தெடுத்து, அங்கே நெடுநாள் வேலை பார்த்த நர்ஸிடம் ஒரு மாதம் ஒப்படையுங்கள். யார் டாக்டரிடம் போக வேண்டும், யாருக்கு மாத்திரை மட்டும் போதும், சான்றிதழ் மேசை எங்கே இருக்க வேண்டும் என்ற ஏற்பாட்டை அவர் டாக்டர்களோடு பேசி வகுக்கட்டும். விதி இடம் தராது என்றால், எந்த விதி என்று எண்ணோடு எழுத்தில் சொல்லுங்கள். அதை மாற்றச் சொல்லிச் சுகாதாரத் துறைக்கு அடுத்த மடலை எழுதுகிறேன்.

இப்படிக்கு,
ஓ.பி. வரிசையில் நிற்கும் ஒருவன்