48 கிலோவுக்கும் ஒலிம்பிக்கில் இடம் கொடுங்கள்: ஒரு திறந்த மடல்

சர்வதேச ஒலிம்பிக் குழுவின் பொறுப்பாளர்களுக்கும், வேர்ல்ட் பாக்ஸிங் அமைப்பின் நிர்வாகிகளுக்கும் வணக்கம்.

ஜோசி கபுகோ என்ற பெயர் உங்களில் எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? பிலிப்பைன்ஸ் நாட்டுக் குத்துச்சண்டை வீராங்கனை. 2012 மே மாதம் சீனாவின் சின்ஹுவாங்தாவ் நகரில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில் 48 கிலோ பிரிவில் தங்கம் வென்றவர். இறுதிப் போட்டியில் எதிரே நின்றவர் சீன வீராங்கனை. அரங்கம் முழுவதும் அந்தச் சீன வீராங்கனையின் பக்கம். அப்படிப்பட்ட இடத்தில் வென்று உலக சாம்பியன் ஆனவர் கபுகோ.

பெண்கள் குத்துச்சண்டை முதன்முதலாக ஒலிம்பிக்கில் கால்வைத்த ஆண்டு அது. லண்டன் போட்டிக்கு மூன்று மாதம்கூட இல்லை. சின்ஹுவாங்தாவ் போட்டிதான் லண்டனுக்கான தகுதிச் சுற்றாகவும் இருந்தது. ஆனால் 51, 60, 75 என்ற மூன்று எடைகளுக்கு மட்டும்தான். அந்த எடைகளில் காலிறுதியில் தோற்ற சிலருக்குக்கூட லண்டன் வாய்ப்பு கிடைத்தது. 48 கிலோவில் ஒருவரிடமும் தோற்காமல் தங்கம் வாங்கியவருக்குக் கிடைக்கவில்லை. பதக்கத்தைக் கழுத்தில் போட்டுக்கொண்டு அவர் ஊருக்குத்தான் திரும்ப வேண்டியிருந்தது. லண்டன், ரியோ, டோக்கியோ, பாரிஸ் என்று நான்கு ஒலிம்பிக் முடிந்துவிட்டன. பெண்களுக்கான 48 கிலோ இன்றுவரை அந்தப் பட்டியலில் ஏறவில்லை.

இந்த எடை பிலிப்பைன்ஸுக்கு எப்படிப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும். 1988 சியோலில் லியோபோல்டோ செரான்டெஸ் வெண்கலம் வென்றார். 1992 பார்சிலோனாவில் ரோயல் வெலாஸ்கோ வெண்கலம். 1996 அட்லாண்டாவில் அவருடைய தம்பி மன்சுயெட்டோ வெலாஸ்கோ வெள்ளி. ஊரே ஒன்யோக் என்று செல்லமாக அழைக்கும் அதே வெலாஸ்கோதான். இந்த மூன்று பதக்கங்களும் வந்தது ஆண்களுக்கான 48 கிலோ பிரிவில். சின்ன உடல், வேகமான கால், ஓயாத கை. அந்த நாட்டுப் பயிற்சியாளர்கள் தலைமுறை தலைமுறையாகக் கைதேர்ந்திருந்தது இந்த எடையில்தான். கபுகோ அந்த வழியில் வந்தவர். ஆண்களுக்கு 1968 முதல் ஒலிம்பிக்கில் இருந்த இடம், அதே எடையுள்ள பெண்ணுக்கு ஒருமுறைகூடக் கிடைக்கவில்லை.

கபுகோ சோர்ந்துவிடவில்லை. ஏழு ஆண்டுகள் கழித்து, 2019இல் சொந்த நாட்டில் நடந்த தென்கிழக்கு ஆசிய விளையாட்டில் மீண்டும் தங்கம் வென்றார். ஒலிம்பிக் என்ற இலக்கே இல்லாமல் அத்தனை ஆண்டுகள் எடையைக் காத்து, விடியற்காலையில் ஓடி, அடி வாங்கி, அடி கொடுத்து ஒரு பெண் களத்தில் நின்றிருக்கிறார். அவரைப் பற்றி எழுதும்போதெல்லாம் எனக்கு மரியாதையும் கோபமும் சேர்ந்தே வருகின்றன.

"மேல் எடைக்குப் போக வேண்டியதுதானே?" என்று நீங்கள் கேட்கலாம். போனவர்கள் இருக்கிறார்கள். மேரி கோம் லண்டனுக்கு முன் வென்ற ஐந்து உலகப் பட்டங்களும் 48 கிலோவிலும் அதற்குக் கீழேயும் வந்தவை. ஒலிம்பிக்குக்காகவே 51க்கு ஏறினார். அரையிறுதியில் பிரிட்டனின் நிக்கோலா ஆடம்ஸிடம் 11-6 என்று தோற்று வெண்கலத்துடன் திரும்பினார். கஸகஸ்தானின் நஸிம் கிஸாய்பாய் 48 கிலோவில் உலக சாம்பியன். அவர் 50 கிலோவில் இறங்கி ஒலிம்பிக் பதக்கம் காண 2024 பாரிஸ் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இவர்கள் அசாதாரணமானவர்கள். அசாதாரணமானவர்கள் தாண்டிவிட்டார்கள் என்பதற்காகச் சுவர் நியாயமாகிவிடாது.

மூன்று கிலோ என்று காகிதத்தில் எழுதும்போது அற்பமாகத்தான் தெரியும். 48 கிலோ உடலுக்கு அது பதினாறில் ஒரு பங்கு. எடை பார்க்கும் காலையில் நடப்பதைக் கவனியுங்கள். 51 கிலோ பிரிவில் மோதும் பெண் பெரும்பாலும் இயல்பில் அதைவிடக் கனமானவர். முந்தைய நாள் பாதி வயிறு சாப்பிட்டு, வியர்வைச் சட்டை மாட்டிக் கயிறு தாண்டி, வாயை மட்டும் நனைத்துத் தண்ணீரைத் துப்பிவிட்டுத் தராசில் ஏறுவார். மேலே ஏறி வந்த சின்னப் பெண்ணோ வயிறாரச் சாப்பிட்டுவிட்டுத்தான் ஏறுவார். அப்போதும் முள் 51ஐத் தொடாது. மாலையில் ரிங்கில் இருவரும் எதிரெதிரே நிற்கும்போது வித்தியாசம் மூன்று கிலோவோடு நிற்பதில்லை. எதிராளியின் கை நீளம், தோள் அகலம் எல்லாம் கூடிவிடும். இவர் நீட்டும் கை போய்ச் சேருவதற்குள் அவருடைய குத்து வந்து சேர்ந்துவிடும். எடைப்பிரிவு என்ற ஏற்பாடே இதைத் தடுக்கத்தானே வந்தது?

வாசலைத் திறந்தால் என்ன நடக்கும் என்பதற்கும் அதே நாட்டில் சாட்சி இருக்கிறது. நெஸ்தி பெட்டேசியோ, டாவோ டெல் சுர் மாகாணத்தின் சாண்டா குரூஸைச் சேர்ந்தவர். 2014இல் தென்கொரியாவின் ஜெஜுவில் 57 கிலோ பிரிவில் உலக வெள்ளி வென்றார். இரண்டு ஆண்டுகளில் ரியோ வந்தது. அங்கேயும் 51, 60, 75 மட்டும்தான். ஆறு கிலோ இறங்குவதா, மூன்று கிலோ ஏறுவதா என்பதுதான் அவர் முன்னால் இருந்த கேள்வி. 2019இல் ரஷ்யாவின் உலான்-உடேயில், ரஷ்ய வீராங்கனையையே இறுதியில் வீழ்த்தி 57 கிலோவில் உலக சாம்பியன் ஆனார்.

டோக்கியோவுக்கு நீங்கள் 57 கிலோவைச் சேர்த்தீர்கள். இரண்டாவது மோதலிலேயே அவர் சந்தித்தது போட்டியின் முதல்நிலை வீராங்கனையான தைவானின் லின் யூ-டிங். கிட்டத்தட்ட ஒரு சாண் உயரம் கூடுதல். நீண்ட கைகளுக்கு அடியில் தலையைத் தாழ்த்தி நுழைந்து, வளைத்துக் குத்திவிட்டு, பிடிக்குள் சிக்கும் முன் விலகி, நடுவர்கள் 3-2 என்று பிரிந்த தீர்ப்பில் பெட்டேசியோ வென்றார். அரையிறுதியில் இத்தாலியின் இர்மா டெஸ்டாவிடம் முதல் சுற்றை விட்டுக்கொடுத்து, அடுத்த இரண்டு சுற்றுகளில் மீட்டார். இறுதியில் ஜப்பானின் செனா இரியேயிடம் தோற்றாலும், குத்துச்சண்டையில் ஒலிம்பிக் பதக்கம் வென்ற முதல் பிலிப்பைன்ஸ் பெண் ஆனார். பாரிஸில் வெண்கலம். அந்த நாட்டில் இரண்டு ஒலிம்பிக் பதக்கம் வாங்கிய குத்துச்சண்டைக்காரர், ஆணோ பெண்ணோ, இவருக்கு முன் எவரும் இல்லை. அவருடைய எடை பட்டியலில் ஏறியது. அவரும் பதக்க மேடையில் ஏறினார். கபுகோவின் எடை ஏறவே இல்லை.

பழைய கணக்கைக் கிளறுவதற்காக இதை எழுதவில்லை. 2025 செப்டம்பரில் லிவர்பூலில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பைப் பாருங்கள். இந்தியாவின் ஜெய்ஸ்மின் லம்போரியா 57 கிலோவில் தங்கம் வென்றார். பாரிஸில் பெட்டேசியோவிடம் முதல் சுற்றிலேயே தோற்றவர் அவர். அதே அணியின் மீனாட்சி 48 கிலோவில் தங்கம் வென்றார். ஒரே ஊர், ஒரே போட்டி, ஒரே நிறப் பதக்கம். ஜெய்ஸ்மினின் எடை 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் இருக்கிறது. மீனாட்சியின் எடை இல்லை. சின்ஹுவாங்தாவில் கபுகோவுக்கு நேர்ந்தது அச்சுப் பிசகாமல் திரும்ப நடக்கிறது.

லாஸ் ஏஞ்சலஸில் ஆண்களுக்கு ஏழு, பெண்களுக்கு ஏழு என்று எடைப்பிரிவுகளைச் சமமாக்கியிருக்கிறீர்கள். லண்டனில் 36 பெண்களோடு தொடங்கிய பயணம் பாரிஸில் 124 பேரை எட்டியதையும் நான் மறக்கவில்லை. மனமார்ந்த நன்றி. மொத்த இடங்களுக்கு வரம்பு இருக்கிறது, ஒன்றைச் சேர்த்தால் இன்னொன்றைக் குறைக்க வேண்டும் என்ற சிக்கலும் புரிகிறது. டோக்கியோவில் பெண்களுக்கு இடம் தர ஆண்களின் மிகச் சிறிய எடையான 49 கிலோவைத்தான் எடுத்தீர்கள். ஆனால் ஒவ்வொரு முறையும் வெட்டு ஏன் சின்ன உடல்கள் மீதே விழுகிறது? தென்கிழக்கு ஆசியாவிலும் இந்தியாவின் வடகிழக்கிலும் அந்த உடல்வாகு உள்ள பெண்கள் நிறையப் பேர் கையுறை மாட்டுகிறார்கள். அவர்களிடம் பெரிய அகாடமிகள் இல்லை, பணமும் இல்லை. ஒலிம்பிக்கில் இல்லாத எடைக்கு எந்த அரசும் மனமுவந்து செலவு செய்வதில்லை. பயிற்சி முகாம், உணவு, ஊக்கத்தொகை எல்லாம் ஒலிம்பிக் பட்டியலைப் பார்த்துத்தான் ஒதுக்கப்படுகின்றன. பட்டியலில் ஒரு வரி விடுபட்டால், எங்கோ ஒரு ஊரில் ஒரு பெண்ணின் பயிற்சி பாதியில் நிற்கிறது.

2032 பிரிஸ்பேன் போட்டிக்கான எடைகளை முடிவு செய்ய உட்காரும்போது பெண்களுக்கான 48 கிலோவைச் சேருங்கள் என்பதே என் வேண்டுகோள். சேர்க்க முடியாது என்றால், எந்த அடிப்படையில் எந்த எடையை எடுக்கிறீர்கள், எதை விடுகிறீர்கள் என்பதை எல்லா நாட்டு வீராங்கனைகளும் படிக்கும்படி முன்கூட்டியே வெளியிடுங்கள். அதைத் தீர்மானிக்கும் கூட்டத்துக்கு ஜோசி கபுகோவை அழைத்து அவர் சொல்வதைக் கேளுங்கள்.

இப்படிக்கு,
குத்துச்சண்டையை நேசிக்கும் ஒரு தமிழ் ரசிகன்