இடிபாட்டின் மேல் ஊர் எப்படி வரும்? அப்பா எழுதுவது

அன்புள்ள பாப்பா,

நீ அனுப்பிய உன் மாயக்கதையின் அத்தியாயங்களையும் அதில் வரும் ஊரின் வரைபடத்தையும் பார்த்தேன். அம்மாவும் படித்துவிட்டாள். அவளுக்கு அந்தக் கிழட்டு மந்திரவாதியை ரொம்பப் பிடித்துவிட்டதாம், அதைப் பற்றி அவளே தனியாக எழுதுவாள். நான் எழுதப்போவது ஊரைப் பற்றி மட்டும். ஆயுள் முழுக்க அஸ்திவாரமும் மதகும் பார்த்தவன் கண்ணுக்கு வேறென்ன படும்?

முன்னூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு ராஜா வந்தான், ராட்சதர்கள் விட்டுப்போன இடிபாடுகளைப் பார்த்து மெய்சிலிர்த்தான், அவற்றைக் காக்க எல்லையில் ஓர் ஊரை நிறுவினான் என்று உன் ஊர் வரலாறு தொடங்குகிறது. அங்கேதான் எனக்கு நெருடியது. இடிபாட்டைக் காப்பதற்காக யாரும் ஊர் கட்டுவதில்லை. அறுத்து, செதுக்கி, மட்டம் பார்த்த கல் கேட்பாரில்லாமல் கிடக்கிறது, பாதி மதில் இன்னும் நிற்கிறது, பழைய ஆட்கள் தண்ணீர் இல்லாத இடத்தில் கட்டியிருக்க மாட்டார்கள் என்பதால் கிணறும் பக்கத்திலேயே இருக்கும். ஜனங்கள் வருவதற்கு இது போதும். ராஜா அப்புறம் வருவான், வரி வாங்க.

குரோஷியாவில் ஸ்ப்ளிட் என்று ஒரு நகரம். ரோமப் பேரரசர் டயோக்ளீஷியன் பதவியை விட்டபின் தங்குவதற்காக கி.பி. 305 வாக்கில் அங்கே கடலோரமாக ஒரு மாளிகை கட்டினார். சுற்றிலும் கோட்டை மாதிரி மதில். ஏழாம் நூற்றாண்டில் பக்கத்திலிருந்த சலோனா நகரம் படையெடுப்பில் அழிந்தது. தப்பியவர்கள் இந்த மதிலுக்குள் புகுந்துகொண்டார்கள். இரண்டு தூண்களுக்கு நடுவில் சுவர் எழுப்பினால் ஒரு வீடு. மாளிகையின் நடைபாதையே தெரு. வேடிக்கை என்னவென்றால், கிறிஸ்தவர்களை அவ்வளவு வதைத்த அந்தப் பேரரசரின் கல்லறை மண்டபமே பின்னால் அவர்களுடைய பேராலயம் ஆகிவிட்டது. இன்றைக்கும் அந்த மாளிகைக்குள் ஆட்கள் குடியிருக்கிறார்கள், துணி காயப்போடுகிறார்கள்.

அப்படியானால் உன் ஊருக்கு முதலில் வந்தது யார்? என்னைக் கேட்டால், ஆடு மேய்ப்பவன், படையைவிட்டு ஓடிவந்தவன், சுண்ணாம்பு சுடுகிறவன். இந்த மூன்றாவது ஆளை மட்டும் விட்டுவிடாதே. உன் ராட்சதர்கள் பளிங்கிலோ சுண்ணாம்புக்கல்லிலோ சிலை வைத்திருந்தால், அவன் கண்ணுக்கு அது சிலையே இல்லை, காளவாய்க்குப் போகவேண்டிய சரக்கு. ரோம் நகரத்திலேயே இடைக்காலம் நெடுகிலும் பளிங்குச் சிலைகளையும் தூண்களையும் உடைத்துக் காளவாயில் போட்டுச் சுட்டு, நீற்றி, புதுச் சுவர்களுக்குச் சாந்து குழைத்தார்கள். கல் சுண்ணாம்பாக ஏறத்தாழ 900 டிகிரி சூடு வேண்டும், அதுவும் நாள்கணக்கில் எரிய வேண்டும். அவ்வளவு விறகுக்கு எங்கே போவான்? அதனால் மதில் ஓரம் வரை நீ வரைந்திருக்கும் அந்த அடர்ந்த காடு இருக்க வாய்ப்பில்லை. ஊர் பிறந்து ஒரு தலைமுறைக்குள் சுற்றிலும் மொட்டையாகியிருக்கும். காடு தூரத்தில் இருக்கட்டும், அதை அடைய ஒரு நாள் நடக்கட்டும். உன் ஓநாய்களுக்கும் அது வசதிதான்.

இன்னொரு தொழிலும் இருக்கிறது. பெரிய கல் கட்டுமானங்களில் சாந்து இல்லாமல், கல்லோடு கல்லைக் கோத்து இரும்புக் கவ்விகள் போட்டு, அசையாமல் இருக்க ஈயத்தை உருக்கி ஊற்றுவார்கள். ரோமின் கொலோசியம் படத்தைப் பெரிதாக்கிப் பார். சுவர் முழுக்க அம்மைத் தழும்பு மாதிரி குழிகள். பிற்காலத்தில் உள்ளே இருந்த கவ்விகளை எடுப்பதற்காக ஆட்கள் தோண்டிய குழிகள் அவை. எல்லை ஊரில் இரும்பு சுலபமாகக் கிடைக்காது. ஒரு பையன் சாரத்தில் தொங்கிக்கொண்டு, இரண்டு கல் சேருகிற இணைப்பைத் தட்டிக் காதால் கேட்டுப் பார்த்து, சரியான இடத்தில் உளி வைத்து, உள்ளங்கை அளவு துரு ஏறிய கவ்வி ஒன்றை நெம்பி எடுத்துப் பையில் போடட்டும். எடுத்ததில் பாதி கொல்லனுக்கு. ஈயம் தனிக் கணக்கு. அந்த ஒரு காட்சி போதும், உன் ஊர் எப்படிப் பிழைக்கிறது என்று தெரிந்துவிடும். நீ எழுதியிருக்கும் இரண்டு பக்க வம்சாவளியை எடுத்துவிடலாம். (கோபித்துக்கொள்ளாதே. அந்தப் பெயர்களெல்லாம் எனக்கு நினைவில் நிற்கவில்லை.)

இதைச் செய்கிறவர்களை அறிவில்லாதவர்கள் மாதிரி மட்டும் எழுதிவிடாதே. 1836இல் கொள்ளிடத்தில் கீழணை கட்டியபோது, ராஜேந்திர சோழன் எழுப்பிய கங்கைகொண்ட சோழபுரம் கோயிலின் மதிலையும் கோபுரத்தையும் பிரித்துத்தான் கல் கொண்டுபோனார்கள். செய்தவர்கள் என் தொழில்காரர்கள், கணக்குத் தெரிந்தவர்கள். வயலுக்குத் தண்ணீர் வேண்டும், கல் பக்கத்தில் இருக்கிறது, அவ்வளவுதான் அவர்கள் யோசித்தது. ஹரப்பாவில் இன்னும் மோசம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் லாகூர்–முல்தான் ரயில் பாதைக்கு ஜல்லிக்குப் பதிலாக அந்த மேட்டின் செங்கற்களை அள்ளிக் கொட்டினார்கள். ஏறத்தாழ 160 கிலோமீட்டர் பாதைக்கு அது போதுமான அளவுக்கு இருந்தது. நாலாயிரம் ஆண்டுக்கு முந்தைய சூளையில் வெந்த கல்லின் மேல் ரயில் ஓடியது. உன் ஊரில் ஒரு நல்ல மனிதன், எல்லோரும் மதிக்கிற ஒருவன், ராட்சதர்களின் கடைசிக் கல்வெட்டை உடைத்து மதகுக்குப் படி போடட்டும். வில்லன் உடைப்பதைவிட அது படிக்கிறவர்களை உறுத்தும்.

அடுத்தது எல்லை. உன் காவல்படை ஒரு பெரிய போரில் கடைசி ஆள் வரை போரிட்டு மடிந்தது என்று எழுதியிருக்கிறாய். எழுத நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பல எல்லைக் காவல்கள் கலைந்ததற்குக் காரணம் சம்பளம் வராததுதான். ஐந்தாம் நூற்றாண்டில் டான்யூப் நதிக்கரை ரோம எல்லையில் நடந்ததை ஒரு துறவியின் வாழ்க்கை வரலாறு எழுதி வைத்திருக்கிறது. அரசுப் பணம் நின்றதும் படைப்பிரிவுகள் ஒவ்வொன்றாகக் கலைந்துபோயின. பட்டாவிஸ் என்ற ஊரில், இன்றைய ஜெர்மனியின் பசாவ், ஒரு பிரிவு மட்டும் கலையாமல் இருந்தது. அவர்களில் சிலர், தோழர்களுக்குச் சேரவேண்டிய கடைசிச் சம்பளத்தை வாங்கி வர இத்தாலிக்குக் கிளம்பினார்கள். வழியிலேயே அவர்கள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். ஊருக்குச் செய்தி சொல்ல யாரும் மிச்சமில்லை. ஆறு அவர்கள் உடல்களைக் கரையில் ஒதுக்கியபோதுதான் தெரிந்தது.

உன் ஊர்க் காவலர்களுக்கும் இப்படி ஒரு சம்பள பாக்கி இருக்கட்டும். பணம் வராத முதல் வருஷம் கடன் சொல்லிச் சாப்பிடுவார்கள். அப்புறம் மதிலடியில் காய்கறி போடுவார்கள், ஊர்ப் பெண்களைக் கட்டிக்கொள்வார்கள், ஈட்டியைக் கொல்லனிடம் கொடுத்துக் கொழுவாக அடித்து வாங்குவார்கள். இரண்டு தலைமுறை கழித்து எல்லையே எங்கோ நகர்ந்து போயிருக்கும். ஆனாலும் வாசலில் நிற்கிற உரிமை தங்கள் குடும்பத்துக்குத்தான் என்று நாலு வீட்டுக்காரர்கள் சண்டை போடுவார்கள். நீ எழுதியிருக்கும் அந்தப் "பழம்பெரும் காவலர் குலம்" இப்படித்தான் உண்டாகியிருக்கும்.

சரி, நிலவறைகளுக்கு வருகிறேன். அதில் எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல இருக்கிறது.

உன் ஆட்கள் தீப்பந்தத்தோடு இறங்கியதும் பெரிய கூடங்களில் தாராளமாக நடக்கிறார்கள். யார் அந்தக் கூடங்களைப் பெருக்கி வைத்தது? ஊரின் தரைமட்டம் ஏறுவதே, இடிந்ததை யாரும் வெளியே கொண்டுபோய்க் கொட்டாததால்தான். வீடு விழும், மண்ணை நிரவுவார்கள், அதன் மேலேயே அடுத்த வீடு எழும்பும். கீழே அறைகள் முழுசாக இருக்கவேண்டுமானால், யாரோ வேண்டுமென்றே நிரப்பி வைத்திருக்க வேண்டும். ரோமப் பேரரசன் நீரோ கட்டிய பொன்மாளிகைக்கு அதுதான் நடந்தது. அவனுக்குப் பின்னால் வந்த பேரரசர் டிராஜன் அதே இடத்தில் குளியல் மாளிகை கட்டினார். பழைய அறைகளில் மண்ணையும் கல்லையும் கொட்டி நிரப்பி, அதையே அஸ்திவாரமாக்கினார். பதினைந்தாம் நூற்றாண்டின் கடைசியில் ஓவியர்கள் மேலே துளை வழியாகக் கயிற்றில் இறங்கிப் பார்த்தார்கள். நடக்க முடியவில்லை. அறை கூரைக்குக் கொஞ்சம் கீழே வரை மண். வயிற்றால் ஊர்ந்துகொண்டு, முகத்துக்கு நேர் மேலே விதானத்தில் இருந்த சித்திரங்களை விளக்கு வெளிச்சத்தில் பார்த்து வரைந்துகொண்டார்கள். சிலர் தங்கள் பெயரையும் அங்கேயே கீறி வைத்துவிட்டு வந்திருக்கிறார்கள். உன் கதையின் குழு எதிரியைச் சந்திக்கிற இடத்தில், வாளை உருவவே இடமில்லாமல் படுத்துக் கிடந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்.

காற்றையும் மறந்துவிடாதே. பாழுங்கிணற்றில் இறங்குமுன் விளக்கைக் கட்டி விடுவோம், அணைந்தால் இறங்கமாட்டோம். கெட்ட காற்று கனமானது, அடியில் தேங்கி நிற்கும். உன் நிலவறைக்கு மந்திரச் சாபம் ஒன்றும் வேண்டாம். இறங்கினவன் சத்தமில்லாமல் உட்கார்ந்துவிடுவான், தூக்கப் போனவனும் பக்கத்திலேயே விழுவான். ஊர் அதைச் சாபம் என்று தானாகவே சொல்லிக்கொள்ளும்.

தண்ணீர்ச் சத்தத்தையும் சேர்த்துக்கொள். ரோமில் சான் கிளெமென்டே என்ற தேவாலயம் இருக்கிறது. மேலே இருப்பது பன்னிரண்டாம் நூற்றாண்டுத் தேவாலயம். அதற்கடியில் நான்காம் நூற்றாண்டுத் தேவாலயம் ஒன்று. அதற்கும் அடியில் ரோமர் காலக் கட்டடமும் மித்ரா தெய்வத்தின் சன்னதியும். 1857இல் தோண்டத் தொடங்கும் வரை, மேலே இருக்கிற கோயில்தான் அந்தப் பழைய கோயில் என்றே நம்பிக்கொண்டிருந்தார்கள். அடித்தளத்தில் நின்றால் இன்றும் எங்கோ தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்கும். உன் ஊர்க்காரர்களுக்கும் தங்கள் காலுக்கடியில் என்ன இருக்கிறது என்று அரைகுறையாகத்தான் தெரியவேண்டும். ஒரு வீட்டின் வாசற்படி தெருவிலிருந்து இரண்டடி கீழே இறங்குகிறது என்று எழுதினாலே அது பழைய வீடு என்று புரிந்துவிடும், வயதைச் சொல்லவே வேண்டாம்.

ராட்சதர்கள் கட்டினார்கள் என்பதை நீ உண்மையாகவே வைத்திருக்கிறாயா, ஊர் அப்படி நம்புகிறது என்கிறாயா? அது எனக்கு விளங்கவில்லை. நம்பிக்கை என்று வைத்தால் கதைக்கு இன்னும் பலம். கிரேக்கத்தின் பழைய நகரமான மைசீனியின் பாறைமதிலைப் பார்த்த பிற்காலக் கிரேக்கர்கள், இதை மனிதன் தூக்கியிருக்க முடியாது, ஒற்றைக்கண் பூதங்கள்தான் கட்டின என்றார்கள். அவர்கள் சொன்னது தங்கள் மூதாதையர் வேலையைப் பற்றித்தான். நம் பக்கத்துக் கல்திட்டைகளை வனவாசத்தில் பாண்டவர்கள் தங்கிய இடம் என்பார்கள். முதுமக்கள் தாழியைக் கேட்டால், அந்தக் காலத்தில் கிழவர்களுக்குச் சாவே வராது, சுருங்கிச் சுருங்கிச் சின்னதாகிவிடுவார்கள், அவர்களைத் தாழியில் வைத்துவிடுவார்கள் என்று ஒரு கதை. உன் ஊரில் மேய்ப்பவன் ஒரு கதை சொல்லட்டும், பூசாரி ஒன்று சொல்லட்டும், வரி வாங்க வந்தவன் எல்லாம் எங்கள் ராஜாவின் பாட்டன் கட்டியது என்று பத்திரம் காட்டட்டும். எது நிஜம் என்று நீ சொல்லவேண்டாம்.

கடைசி அத்தியாயத்துக்கு என்ன செய்வது என்று கேட்டிருந்தாய். டிராகன் வந்து ஊரை எரிப்பதைவிட, தலைநகரிலிருந்து ஓர் அறிஞன் வரட்டும். பிரான்சில் ஆர்ல் நகரத்தின் ரோம வட்டரங்கு இடைக்காலத்தில் ஒரு கோட்டை ஊராகவே ஆகியிருந்தது. நாலு கோபுரம், உள்ளே இருநூறுக்கும் மேல் வீடுகள், இரண்டு சிறு கோயில்கள். 1820களில் தொடங்கி அவ்வளவு வீடுகளையும் அகற்றி அரங்கைச் சுத்தம் செய்தார்கள். சிரியாவின் பல்மைராவில் பேல் கோயில் முற்றத்துக்குள் ஒரு கிராமமே இருந்தது. 1930ஐ ஒட்டி பிரெஞ்சு நிர்வாகம் அவர்களை வெளியே ஒரு புது ஊருக்கு அனுப்பிவிட்டுக் கோயிலைத் தோண்டியது. அவர்கள் எத்தனையோ தலைமுறையாக இருந்த வீடுகள், பார்க்க வருகிறவர்களுக்கு இடைஞ்சல் ஆகிவிட்டன. உன் அறிஞன் கெட்டவனாக இருக்கவேண்டாம். ராட்சதர்களின் எழுத்தைப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் அவனாகவே இருக்கட்டும். அந்த எழுத்து அந்தக் கவ்வி தோண்டுகிற பையன் வீட்டு அடுப்படிச் சுவரில், முகம் உள்பக்கமாகத் திருப்பி வைத்த கல்லில் இருக்கட்டும். வீட்டை இடிக்காமல் படிக்கமுடியாது. பையன் என்ன செய்வான் என்பது எனக்குத் தெரியவில்லை, உனக்குத்தான் தெரியும்.

வரைபடத்தில் கிணறு எங்கே இருக்கிறது என்று குறிக்கவில்லை. மதிலுக்கு உள்ளேயா வெளியேயா என்பதை வைத்துத்தான் முற்றுகை எத்தனை நாள் தாங்கும் என்று சொல்லமுடியும். ஆற்றுக்கு இரண்டு இடத்தில் இரண்டு பக்கமாக அம்புக்குறி போட்டிருக்கிறாய், எது சரி என்று முடிவு செய். அடுத்த முறை அனுப்பும்போது அளவுகோலும் வடக்குக் குறியும் போட்டு அனுப்பு.

அன்புடன்,
அப்பா