தானாக நடக்க வேண்டிய அப்டேட் ஏன் நடக்கவில்லை: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பார்ந்த வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

திஞ்சான் என்னும் மியான்மர் புத்தாண்டு விடுமுறை முடிந்து கடை திறந்த முதல் நாள், ஷட்டரை முழுசாக ஏற்றுவதற்குள் தொலைபேசி அடித்தது. யாங்கூனின் பயின்னாங் சந்தையில் பருப்பு மண்டி வைத்திருக்கும் நம் வாடிக்கையாளர் ஒருவர். "தம்பி, வெப்சைட்ல ஏதோ பாஸ்வேர்டு கேக்குது. எந்தப் பாஸ்வேர்டைப் போடணும்?" என்றார். அவருடைய தளம், வேர்ட்பிரஸ் என்ற தளம் அமைக்கும் மென்பொருளில் ஓடுவது. அதில் ப்ளகின்களுக்கு, அதாவது கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் சிறு நிரல்களுக்கு, அப்டேட் வந்திருப்பதாகச் சிவப்பு வட்டத்தில் எண் காட்டியிருக்கிறது. தானாக நடந்திருக்க வேண்டியது நடக்கவில்லையே என்று அவரே பொத்தானை அழுத்தியிருக்கிறார். உடனே சர்வர் பெயர், எஃப்டிபி (சர்வருக்குக் கோப்பு அனுப்பும் வழி) பயனர் பெயர், எஃப்டிபி பாஸ்வேர்டு என்று மூன்று கட்டங்கள் வந்து நின்றன. அவர் மின்னஞ்சல் பாஸ்வேர்டைப் போட்டுப் பார்த்தார், தளத்தின் பாஸ்வேர்டைப் போட்டுப் பார்த்தார். எதற்கும் மசியவில்லை. அன்று மாலைக்குள் இதே கேள்வியோடு இன்னும் நான்கு பேர் அழைத்துவிட்டார்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். தவறு உங்களுடையது இல்லை, எங்களுடையது. என்ன நடந்தது, எப்படிச் சரிசெய்தோம், உங்கள் பக்கத்தில் என்ன பார்க்க வேண்டும் என்பதை விளக்கத்தான் இந்த மடல்.

பழைய சர்வரில் இடம் போதாமல், விடுமுறைக்குச் சில வாரங்களுக்கு முன் உங்கள் தளங்களைப் புதிய சர்வருக்கு மாற்றினோம். அந்த இரவில் வேலை சீக்கிரம் முடியட்டும் என்று, சர்வரின் தலைமைப் பயனரான ரூட் ஆக நுழைந்து, ஒவ்வொரு தளத்தின் ஜிப் கோப்பையும் அவிழ்த்தோம். சர்வரை இயக்கும் லினக்ஸில் யார் அவிழ்க்கிறாரோ, கோப்புகள் அவர் பெயரில்தான் எழுதப்படும். ஆக, உங்கள் தளத்தின் கோப்புகள் எல்லாம் ரூட்டின் பெயருக்குப் போய்விட்டன. தளம் திறந்தது, படங்கள் தெரிந்தன, உளுந்து விலையும் துவரை விலையும் சரியாகக் காட்டின. வாசிக்க எல்லோருக்கும் அனுமதி இருந்ததால் வெளியிலிருந்து பார்க்க எந்தக் குறையும் இல்லை.

இரண்டு நாள் கழித்து நகைக்கடை வாடிக்கையாளர் ஒருவர், புதுப் படம் ஏற்ற முடியவில்லை என்றார். படங்கள் போகும் 'அப்லோட்ஸ்' ஃபோல்டரை மட்டும் சரிசெய்து கொடுத்தோம். படம் ஏறியது, அவரும் திருப்தி, நாங்களும் அடுத்த வேலைக்குப் போய்விட்டோம். அப்போதே மற்ற ஃபோல்டர்கள் யார் பெயரில் இருக்கின்றன என்று ஒரு பார்வை பார்த்திருந்தால் இந்த மடலுக்கே தேவை இருந்திருக்காது. அதற்காக உங்கள் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்கிறோம்.

இனி விஷயத்துக்கு வருவோம். ஒரு கோப்புக்கு இரண்டு சங்கதிகள் உண்டு. அது யாருடையது என்பது ஒன்று. யார் அதை என்ன செய்யலாம் என்பது இன்னொன்று. இரண்டாவதைத்தான் 755, 644 என்ற எண்களாகப் பார்க்கிறீர்கள். வாசிக்க 4, எழுத 2, இயக்க 1. இவற்றில் கொடுத்ததைக் கூட்டினால் ஒரு இலக்கம். ஃபோல்டர் என்றால் அந்த 1 உள்ளே நுழையும் அனுமதி. முதல் இலக்கம் உரிமையாளருக்கு, அடுத்தது அவருடைய குழுவுக்கு, கடைசி மற்ற எல்லோருக்கும். 644 என்றால் உரிமையாளர் வாசிக்கலாம், எழுதலாம். மற்றவர்கள் வாசிக்க மட்டும் முடியும். உங்கள் குடோனையே எடுத்துக்கொள்ளுங்கள். சரக்கைப் பார்த்துவிட்டுப் போக யாரும் வரலாம், ஆனால் மூட்டையை இறக்கி அடுக்க, சாவி வைத்திருப்பவர்தான் வர வேண்டும். எங்கள் தவறால் குடோனும் சரக்கும் உங்களுடையதாகவே இருக்க, சாவி மட்டும் வேறொருவர் கைக்குப் போய்விட்டது.

வேர்ட்பிரஸ் அப்டேட் செய்யப் புகும்போது முதலில் ஒரு சோதனை செய்கிறது. தான் இருக்கும் இடத்தில் சின்னதாக ஒரு தற்காலிகக் கோப்பை எழுதிப் பார்க்கிறது. எழுத முடிந்தால், அந்தப் புதுக் கோப்பு யார் பெயரில் உருவானது என்று பார்த்து, தன் சொந்தக் கோப்பின் உரிமையாளரோடு ஒப்பிடுகிறது. இரண்டும் ஒரே பெயர் என்றால் நேரடியாகவே எழுதலாம் என்று முடிவு செய்து, சோதனைக் கோப்பை அழித்துவிட்டு வேலையைத் தொடங்கும். பெயர் வேறு என்றாலோ, எழுதவே முடியவில்லை என்றாலோ, "எஃப்டிபி வழியாக வருகிறேன், விவரம் கொடு" என்று அந்த மூன்று கட்டங்களைக் காட்டும். பருப்பு மண்டிக்காரரிடம் பாஸ்வேர்டு கேட்டது அதனால்தான். உங்கள் பாஸ்வேர்டு எதுவும் தொலையவில்லை, யாரும் திருடவும் இல்லை. ஆனால் தயவுசெய்து அந்தக் கட்டங்களில் கைக்கு வந்த பாஸ்வேர்டுகளை எல்லாம் போட்டுப் பார்க்காதீர்கள். அந்தத் திரை வந்தால் அப்படியே விட்டுவிட்டு எங்களை அழையுங்கள்.

நீங்கள் பொத்தானை அழுத்தும்போது கேள்வி கேட்க ஆள் இருக்கிறது. நடுராத்திரியில் தானாக நடக்கும் அப்டேட் யாரைக் கேட்கும்? கேட்க ஆள் இல்லாததால் சத்தமில்லாமல் ஒதுங்கிவிடும். எங்களை அதிகம் கவலைப்பட வைத்தது இதுதான். வேர்ட்பிரஸின் புதிய பதிப்பாக இருந்தால், "புதிய பதிப்பு வந்திருக்கிறது, அப்டேட் செய்துகொள்ளுங்கள்" என்று நிர்வாகியின் முகவரிக்கு ஒரு மின்னஞ்சல் வரும். அதைப் பார்த்தால் தோல்விச் செய்தி மாதிரியே தெரியாது. ப்ளகின் என்றால் அதுகூட வராது. அதிலும் பல தளங்களில் நிர்வாகி முகவரி என்று இருப்பது, எப்போதோ வேலையை விட்டுப்போன கணக்குப்பிள்ளையின் முகவரி.

இதற்கு ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்று சிலர் கேட்டீர்கள். பாதுகாப்புத் திருத்தங்களைத் தானாகவே நிறுவிக்கொள்ளும் வசதி வேர்ட்பிரஸுக்கு 2013 அக்டோபரில், 3.7 பதிப்போடு வந்தது. அதன் அருமை 2017-இல் தெரிந்தது. அந்த ஆண்டு ஜனவரி 26 அன்று 4.7.2 வெளியானது. கடவுச்சொல் எதுவும் இல்லாமலே வெளியாள் ஒருவர் உங்கள் பக்கங்களைத் திருத்திவிடக்கூடிய ஓட்டை ஒன்றை அது அடைத்தது. ஓட்டையைப் பற்றி உடனே வெளியே சொல்லாமல், தளங்கள் தானாக அப்டேட் ஆகட்டும் என்று ஏறக்குறைய ஒரு வாரம் காத்திருந்து, பிப்ரவரி தொடக்கத்தில்தான் அறிவித்தார்கள். அதற்குள் அப்டேட் ஆன தளங்கள் தப்பித்தன. ஆகாத தளங்களில் லட்சக்கணக்கான பக்கங்களை யார் யாரோ அழித்து எழுதிவிட்டுப் போனார்கள். அந்த ஒரு வாரம் உங்கள் தளத்தின் சாவி வேறு யாரிடமோ இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். சென்னையிலிருந்து விலை பார்க்கத் தளத்துக்கு வருகிறவர் அங்கே வேறு எதையோ பார்த்துவிட்டால், மறுபடி நம்பி வர மாட்டார்.

சரி, இப்போது மிக முக்கியமான எச்சரிக்கை. இந்தக் கோளாறு வந்தால், "எல்லா ஃபோல்டருக்கும் 777 போடு, வேலை முடிந்தது" என்று யாராவது சொல்வார்கள். வீடியோவிலும் சொல்வார்கள். போடாதீர்கள். 777 என்றால் அந்த சர்வரில் உள்ள எவரும் உங்கள் கோப்பில் எழுதலாம். ஒரே சர்வரில் பல கடைகளின் தளங்கள் இருக்கும்போது, பக்கத்துத் தளத்தில் புகுந்த கள்ளன் சுவர் ஏறாமலே உங்கள் தளத்துக்கு வந்துவிடுவான். சில சர்வர்களில் 777 போட்டால் பாதுகாப்புக் கருதி அந்தப் பக்கமே திறக்காது, 500 என்ற பிழைதான் வரும். ஃபோல்டருக்கு 755, கோப்புக்கு 644, இதுதான் அளவு. தரவுதள பாஸ்வேர்டு இருக்கும் 'டபிள்யூபி-கான்ஃபிக்' கோப்புக்கு மட்டும் இன்னும் இறுக்கமாக 640 அல்லது 600. எண் சரியாக இருந்தும் அப்டேட் நடக்கவில்லை என்றால், எண்ணைக் கூட்டிக்கொண்டே போகாமல், கோப்பு யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள்.

இன்னொரு குறுக்கு வழியும் சொல்வார்கள். அந்தக் கான்ஃபிக் கோப்பில் ஒரு வரி சேர்த்து, "கேள்வி கேட்காமல் நேரடியாக எழுது" என்று கட்டளையிடுவது. அந்த வரி கேள்வியை நிறுத்தும், அவ்வளவுதான். எழுத அனுமதி இல்லாத இடத்தில் அதனால் எழுத வைக்க முடியாது. உரிமையாளரைச் சரிசெய்த பிறகு அந்த வரிக்கே அவசியம் இருக்காது.

வேறு இடத்தில் சர்வர் வைத்திருப்பவர்கள், எங்களிடம் பராமரிப்பு மட்டும் வாங்குகிறவர்கள், இதை நீங்களே பார்க்கலாம். சர்வரின் கோப்புகளைப் பார்க்க உதவும் எஃப்டிபி மென்பொருளான பைல்ஜில்லாவில் தளத்தைத் திறந்தால் சர்வர் பக்கத்துப் பட்டியலில் அனுமதி, உரிமையாளர் என்ற இரண்டு பத்திகள் கடைசியில் இருக்கும். ஜன்னலைக் கொஞ்சம் அகலமாக இழுத்தால் தெரியும். மேலிருந்து கீழ்வரை ஒரே பெயர் வந்தால் நல்லது. நடுவில் ஓரிரு ஃபோல்டரில் மட்டும் வேறு பெயர் இருந்தால் வேறுவிதமான தொல்லை வரும். அப்டேட் தொடங்கும், ஆனால் சில கோப்புகளை நகலெடுக்க முடியவில்லை, அனுமதிகள் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை என்று நின்றுவிடும். கூடவே அந்தக் கோப்புகளின் பெயரையும் காட்டும். அந்தப் பெயர்களைக் கைப்பேசியில் படம் எடுத்து அனுப்பினால் எங்களுக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி.

எண்களை மாற்ற வேண்டும் என்றால், முதலில் ஒரு காப்புப் பிரதி எடுத்துவிடுங்கள். பிறகு ஃபோல்டரின் மேல் வலது சொடுக்கு, கோப்பு அனுமதிகள். 755 போட்டு, உள்ஃபோல்டர்களுக்கும் பொருந்தட்டும் என்பதை டிக் செய்து, அதற்குக் கீழே 'ஃபோல்டர்களுக்கு மட்டும்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். அப்புறம் இன்னொரு தடவை 644 போட்டு 'கோப்புகளுக்கு மட்டும்'. இந்தக் கடைசித் தேர்வை மறக்கக் கூடாது. 644-ஐ ஃபோல்டருக்கும் சேர்த்துப் போட்டுவிட்டால் உள்ளே நுழையும் அந்த 1 போய்விடும், தளம் மொத்தமும் திறக்காது. உரிமையாளர் பெயரை மட்டும் பைல்ஜில்லாவில் மாற்ற முடியாது. சர்வரில் ரூட் அனுமதி உள்ளவர்தான் மாற்ற முடியும். ஆகவே சர்வர் வாடகைக்குக் கொடுத்தவரிடம், "வேர்ட்பிரஸை இயக்கும் பிஎச்பி எந்தப் பயனர் பெயரில் ஓடுகிறதோ, அந்தப் பெயருக்கே எங்கள் தளத்தின் எல்லாக் கோப்புகளையும் மாற்றிக் கொடுங்கள்" என்று எழுதிக் கேளுங்கள். இந்த ஒரு வாக்கியம் போதும், அவர்களுக்குப் புரிந்துவிடும்.

கரண்ட் போனதால்தான் அப்டேட் நின்றது என்று பலர் எண்ணிக்கொண்டிருந்தீர்கள். நம் ஊர் நிலையில் அப்படித் தோன்றுவது இயல்பு. ஆனால் எங்கள் சர்வர் சிங்கப்பூரில் இருக்கிறது. அப்டேட் அங்கேயே நடக்கிறது. உங்கள் கடையில் ஜெனரேட்டர் ஓடுகிறதா இல்லையா என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அலுவலகத்திலேயே சர்வர் வைத்திருக்கும் ஓரிருவருக்கு மட்டும் கரண்ட் விஷயமும் பொருந்தும். அப்டேட் பாதியில் நின்றால், பராமரிப்பு நடக்கிறது, சற்று நேரத்தில் வாருங்கள் என்ற ஒரு வரிச் செய்தி தளத்தில் வரும். மின்சாரம் திரும்பி வந்தபின், பத்து நிமிடத்துக்கு மேல் அது நிற்காது. செய்தி போனாலும் கோப்புகள் பாதி பழையதும் பாதி புதியதுமாக இருக்கும் என்பதால், அப்டேட் பக்கத்தில் மறுபடி நிறுவும் பொத்தானை ஒரு முறை அழுத்திவிடுங்கள்.

கோயில் தளங்களைப் பார்த்துக்கொள்ளும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. வேர்ட்பிரஸ் ஒரு நாளைக்கு இரண்டு முறை புதிய பதிப்பைத் தேடும். ஆனால் யாராவது தளத்துக்கு வந்தால்தான் அந்தத் தேடல் கிளம்பும். தீமிதி, தைப்பூசம் சமயத்தில் மட்டும் கூட்டம் வரும் தளம் மற்ற மாதங்களில் தூங்கிக்கொண்டிருக்கும். அப்படிப்பட்ட தளங்களை சர்வரிலிருந்தே நாங்கள் குறித்த நேரத்தில் எழுப்பும்படி அமைத்துவிட்டோம்.

எங்கள் சர்வரில் உள்ள எல்லாத் தளங்களின் கோப்புகளையும் அவரவர் பயனர் பெயருக்கே மாற்றி முடித்துவிட்டோம். ஒவ்வொரு தளத்தின் பிஎச்பியும் இனி அந்தத் தளத்தின் சொந்தப் பெயரிலேயே ஓடும். நின்றுபோயிருந்த அப்டேட்களை, காப்புப் பிரதி எடுத்துக்கொண்டு, கையாலேயே ஒவ்வொன்றாகச் செய்தோம். இதற்குக் கட்டணம் எதுவும் கிடையாது. இனித் தளம் மாற்றும் வேலை எதையும் ரூட் ஆக நுழைந்து செய்வதில்லை என்றும், மாற்றியபின் உரிமையாளர் பெயரை இரண்டாவது ஆள் ஒருவர் சரிபார்க்க வேண்டும் என்றும் கடைக்குள் விதி வைத்திருக்கிறோம்.

உங்களிடம் கேட்பது இரண்டே வேலை. தளத்துக்குள் நுழைந்து கருவிகள் பட்டியலில் 'சைட் ஹெல்த்' பக்கத்தைத் திறந்து பாருங்கள். 2019-இல் வந்த 5.2 பதிப்பிலிருந்து அது எல்லாத் தளங்களிலும் உண்டு. பின்னணி அப்டேட்கள் சரியாக வேலை செய்கின்றன என்று அங்கே இருந்தால் கவலையில்லை. வேறு ஏதாவது காட்டினால் திரையைப் படம் எடுத்து அனுப்புங்கள், அன்றைக்கே பார்க்கிறோம். அடுத்து, பொது அமைப்புகள் பக்கத்தில் நிர்வாகியின் மின்னஞ்சல் முகவரி இன்றைக்கு நீங்கள் திறந்து படிக்கும் முகவரிதானா என்று பாருங்கள். பருப்பு மண்டிக்காரரின் தளத்தில் அதைத் திருத்திய மறுநாளே, ப்ளகின் ஒன்று தானாக அப்டேட் ஆனதாக முதல் மின்னஞ்சல் அவருக்குப் போய்ச் சேர்ந்தது. இது நிஜமா, எவனாவது ஏமாற்றுகிறானா என்று கேட்டு அதையும் எங்களுக்கு அனுப்பிவைத்தார். நிஜம்தான் அண்ணே.

அன்புடன்,
உங்கள் தளங்களைப் பார்த்துக்கொள்ளும் கடைக்காரர்கள்
யாங்கூன்