தராசுத் தட்டில் தொடங்கும் புனிதம்: முதுநகர் மீன்கடைத் தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புத் தம்பிக்கு,

இயேசுவின் அமைதி உன்னோடு இருப்பதாக.

"விடியுமுன்னே ஏலத்துக்கு ஓடுகிறேன், அப்புறம் கடை, ராத்திரியானால் கண் சொக்குது. ஞாயிறு பூசைக்குப் போவதே பெரும்பாடு. நான் எங்கே புனிதனாவது?" என்று கேட்டிருந்தாய். கடையை ஒரு பக்கமும் புனிதத்தை மறுபக்கமும் வைத்துக் கேட்கிறாய். வேதம் அப்படிப் பிரிக்கவில்லை.

வேதத்தில் லேவியர் நூல் 19-ஆம் அதிகாரத்தை எடுத்து வாசி. நான் தூயவராய் இருப்பதுபோல நீங்களும் தூயவராய் இருங்கள் என்று ஆண்டவர் தொடங்குகிறார். அடுத்து வழிபாட்டு விதிகளோடு கலந்தே வருகின்றன மற்றவை: வயலோரத்துக் கதிரை ஏழைக்கு விடு, வேலையாளின் கூலியை விடியும்வரை வைத்திருக்காதே, புறணி பேசித் திரியாதே, தராசு சரியாக இருக்கட்டும். உன் கடையில் நடப்பதெல்லாம் அங்கே இருக்கிறது. 1964-இல், உலகெங்கும் உள்ள ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கமும், புனித வாழ்வுக்கான அழைப்பு சாமியார்களுக்கும் கன்னியருக்கும் மட்டுமல்ல, எல்லாருக்கும்தான் என்று தெளிவாகச் சொன்னது. 2022-இல் புனிதராக அறிவிக்கப்பட்ட தேவசகாயம் மனைவியோடு வாழ்ந்தவர், அரசாங்க வேலை பார்த்தவர்.

ஆகவே தராசிலிருந்து தொடங்கு. காலித் தட்டை வைத்துப் பூஜ்யம் காட்டுகிறதா என்று கடை திறந்ததும் பார். எண்கள் வாங்குபவர் பக்கமும் தெரியட்டும். இறாலை ஐஸ் பெட்டியிலிருந்து அள்ளி அப்படியே தட்டில் போட்டால் தண்ணீரையும் சேர்த்து விற்கிறாய். துளைக்கூடையில் வடிய விட்டு நிறு. எடை போடுவது மீனை வெட்டுவதற்கு முன்னா, வெட்டிய பிறகா என்பதை விலை சொல்லும்போதே சொல்லிவிடு. தராசைச் சோதித்து அரசு வைக்கும் வருடாந்திர முத்திரையைத் தள்ளிப் போடாதே.

கூலியில்தான் நல்லவர்களும் சறுக்குகிறார்கள். கல்நெஞ்சால் அல்ல, பணத்தை எடுத்து வைக்கும் வரிசையால். நாளைய ஏலத்துக்கான முதலீட்டுப் பணத்தை முதலில் ஒதுக்குகிறோம். வியாபாரம் மந்தமானால், குறைகிற பணம் மீன் வெட்டும் அக்காமார் தலையில் விழுகிறது. "நாளைக்கு வாங்கிக்குங்க" என்று சொல்ல நேர்கிறது. அவர்கள் வீட்டில் அரிசி வாங்குவது அந்தக் காசில்தான். காலை விற்பனையில் முதலில் சேரும் பணத்தைக் கூலிக்கென்று தனி டப்பாவில் போடு. முதலீட்டுப் பணம் குறைந்தால் ஏலத்தில் ஒரு கூடை குறைவாக எடு. அந்த நட்டம் உன்னுடையதாக இருக்கட்டும்.

இனி செபம். இயேசு சபையை நிறுவிய புனிதர் இலொயோலா இஞ்ஞாசியார் கற்றுத்தந்த முறை உன்னைப்போல் நேரமில்லாதவர்களுக்கு மிகவும் பொருந்தும். ஒரே ஒரு குறையை எடுத்துக்கொள். காலையில் எழுந்ததும் அதைத் தவிர்க்க அருள் கேள். நண்பகல் கோயிலில் மூவேளைச் செப மணி அடிக்கும்போது ஒரு தடவை, இரவுச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு தடவை, எத்தனை முறை விழுந்தாய் என்று எண்ணி, நோட்டில் வேளைக்கொரு கோடு போட்டு அதில் அத்தனை புள்ளி வை. நாளுக்கு 2 கோடு, வாரத்துக்கு 14. நேற்றையும் இன்றையும், போன வாரத்தையும் இந்த வாரத்தையும் ஒப்பிட்டுப் பார்.

இது கெட்டுப்போகும் இடங்கள் தெரிந்தவைதான். ஐந்து குறைகளை ஒன்றாக எடுத்தால் மூன்றாம் நாள் நோட்டு மூடிவிடும். "கோபம்" என்று மட்டும் எழுதினால் எதை எண்ணுவது? "கடன் கேட்டு வருபவரை எல்லார் முன்னும் ஏசுவது" என்று எழுது, எண்ணலாம். படுத்துக்கொண்டு செய்யாதே, தூங்கிவிடுவாய். புள்ளி கூடினால் மனம் உடையாதே. உன் குறை இப்போதுதான் உன் கண்ணுக்குத் தெரிகிறது. முடிக்கும்போது அன்று கிடைத்த ஒரு நன்மைக்காவது நன்றி சொல். அதை விட்டுவிட்டால் செபம் வெறும் கணக்கெழுத்தாகிவிடும்.

இன்னொன்று, இதைச் சொல்லாமல் விடக்கூடாது. எடையில் ஏமாற்றியதைப் பாவசங்கீர்த்தனத்தில், அதாவது சாமியாரிடம் பாவ அறிக்கை செய்யும்போது, சொன்னால் மட்டும் போதாது; எடுத்ததைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். நற்செய்தியில் வரும் வரிதண்டுபவர் சக்கேயு, ஏமாற்றி எடுத்ததை நான்கு மடங்காகத் தருவதாக இயேசுவிடம் சொன்னார். யாரிடம் எடுத்தாய் என்று தெரிந்தால் அவருக்கே கொடு. அடுத்த எடையில் கூடுதலாகப் போட்டும் தீர்க்கலாம். ஆளைக் கண்டுபிடிக்க முடியாவிட்டால் அந்தத் தொகை ஏழைகளுக்குப் போகட்டும். எவ்வளவு என்பதில் குழப்பமிருந்தால் பங்குச் சாமியாரிடம் கேள், நீயே உனக்குச் சாதகமாகக் கணக்குப் போடாதே. இந்த வாரம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகும்போது தொகையை எழுதி எடுத்துக்கொண்டு போ.

கிறிஸ்துவில் அன்புடன்,
உன் அண்ணன்