அக்காவுக்கு ஒரு கடிதம்

பெம்புரோக், ஒன்டாரியோ
ஜூலை

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு எல்லாரும் நலம். உன் நலமும் மாமா, பிள்ளைகள் நலமும் அறிய ஆவல். அப்பாவின் முழங்கால் எப்படி இருக்கிறது?

வீடு வாங்கிக் குடிவந்து ஒரு குளிர்காலத்தைத் தாண்டிவிட்டோம். பக்கத்து ஊர் பெட்டவாவாவில் கனடா ராணுவத்தின் பெரிய முகாம். நம் பக்கம் கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்பார்களே, அந்த மாதிரி இங்கேயும் யாரைக் கேட்டாலும் வீட்டில் ஒருவர் படையில். ஒட்டாவா ஆறு ஜனவரியில் உறைந்துபோகிறது. அதன் மேல் சின்னக் குடிசை போட்டு, ஐஸில் ஓட்டை போட்டு மீன் பிடிக்கிறார்கள். பார்க்கும்வரை நான் நம்பவில்லை.

இப்போது இங்கே போஸ்டிங் சீசன். பள்ளி லீவு விட்டதும் ராணுவக் குடும்பங்கள் ஊர் மாறுகின்றன. லாரிக் கம்பெனி ஆட்களே வந்து தட்டு, டம்ளரைக்கூடத் தாளில் சுற்றி எடுத்துப் போகிறார்கள். அதைப் பார்த்ததும் நம் கறுப்பு டிரங்குப் பெட்டிகள் ஞாபகம் வந்தன. அப்பா வெள்ளை பெயின்ட்டில் நம்பர், ராங்க், பெயர் எழுதுவார். புரமோஷன் வந்தபோது 'நாயக்' மேல் கறுப்பு பூசி 'ஹவில்தார்' என்று எழுதினாரே, வெயிலில் வைத்தால் பழைய நாயக் அடியில் தெரிவார்! மெட்ராஸ் என்ஜினியர் குரூப்பில் (எம்இஜி) சேப்பர், பாலம் கட்டுகிற படைவீரர் இல்லையா, பெட்டிக்கு ஆணி அடிப்பதுகூடப் பாலம் கட்டுகிற கவனத்தோடுதான். அம்மா தையல் மெஷினைச் சாக்குக்குள் இறக்கி, கோணி ஊசியால் வாயைத் தைப்பாள். அது மட்டும் ஜவான்கள் கையில் போகாது.

ஜபல்பூரிலிருந்து அம்பாலா போனபோது நீ அழுதாய், நான் அழவில்லை. கேந்திரிய வித்யாலயாவில் அதே யூனிஃபார்ம், காலையில் அதே 'அசதோ மா' பிரார்த்தனை. டீச்சர் முகம் மட்டும்தான் வேறு. தமிழ்தான் அங்கே கிடையாது. ஆயாவுக்கு இன்லேண்ட் லெட்டர் எழுதினால்தான் விளையாட விடுவேன் என்று அம்மா உட்கார வைத்தாளே, அந்தப் புண்ணியத்தில்தான் இதையும் எழுதுகிறேன்.

ஒன்று உனக்கு நினைவிருக்கிறதா? 1999, கார்கில் சமயம். அப்பா மலைமேல் போர்முனைக்குப் போய்விட்டார், அட்ரஸ் வெறும் 'கேர் ஆஃப் 56 ஏபிஓ'. அது ராணுவத் தபால் நிலையத்தின் எண், ஊர் பெயர் இல்லை என்று தெரியாமல் நான் ஸ்கூல் அட்லஸில் 56 ஏபிஓ எங்கே என்று தேடினேன், நீ சிரித்தாய். அந்த மே, ஜூன் மாதங்களில் குவார்ட்டர்ஸில் ஆண்களே இல்லை. நாம் சாப்பிடும்போது அம்மா டிவியைப் போடமாட்டாள். கடிதம் வந்தால் பிரித்ததும் படிக்கமாட்டாள், மேலே இருக்கிற தேதியைத்தான் முதலில் பார்ப்பாள். எதற்கென்று அப்போது புரியவில்லை. அந்தத் தேதிவரை நல்லா இருந்தார், அவ்வளவுதானே ஒரு கடிதம் சொல்ல முடியும். ராணுவக் குடும்பம் என்றால் தைரியம் என்று மேடையில் பேசுகிறார்கள். நம் வரிசையில் நான் பார்த்தது தைரியமா என்று தெரியவில்லை. எல்லாப் பெண்களும் பிள்ளைகள் எதிரில் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள்.

எதிர்வீட்டுப் பையனுக்கு எட்டு வயது. "அடுத்து எட்மன்டன்" என்றான், கடைக்குப் போய்வருகிறவன் மாதிரி. ராணுவப் பிள்ளைகள் எங்கே போனாலும் ஒட்டிக்கொள்வார்கள் என்று அவன் அம்மா பெருமையாகச் சொன்னாள். பாதிதான் நிஜம். ஒட்டிக்கொள்ள நமக்குத் தெரியும், ஒரே இடத்தில் இருக்கத் தெரியாது. புது நாடு எனக்குக் கஷ்டமாகவே இல்லை. பேங்க், பஸ், பனி எல்லாம் சீக்கிரம் பழகிவிட்டது. இனி யாரும் மூவ் ஆர்டர் அனுப்பப்போவதில்லை என்பதுதான் பழகவில்லை. காலி அட்டைப்பெட்டிகளை மடித்து பேஸ்மென்ட்டில் அடுக்கி வைத்திருக்கிறேன், இவர் தூக்கிப் போடச் சொல்லித் தினமும் சண்டை. பின்பக்கம் ஆப்பிள் கன்று வைக்கலாம், காய்க்க நாலைந்து வருஷம் ஆகும் என்றார்கள். அவ்வளவு நாளா என்று மனசு கணக்குப் போடுகிறது. வீட்டுக்கடன் 25 வருஷம், அது மட்டும் மறந்துபோகிறது! கடைசியில் தக்காளிதான் வைத்தேன்.

உனக்கு இது தலைகீழ். கல்யாணமாகி ஊருக்கு வந்தவள், மாமாவுக்குச் சென்னையில் வேலை கிடைத்தபோதும் நகரவில்லை. அதுவும் இதே வியாதிதான் என்று எனக்குத் தோன்றுகிறது. நீ ஒத்துக்கொள்ளமாட்டாய்.

சரி, பரண் மேலே இருக்கிற டிரங்குப் பெட்டிகளைப் பழைய இரும்புக்காரனுக்குப் போட அப்பா சொன்னாராமே. ஒன்றையாவது வை, அந்த நாயக் பெட்டியை. அப்புறம், அவர் முழங்காலுக்குத் தைலம் தேய்த்தே காலம் ஓட்டப் பார்ப்பார், விடாதே. முன்னாள் ராணுவத்தினர் மருத்துவத் திட்டத்தின் இசிஎச்எஸ் கார்டு எதற்கு இருக்கிறது? அடுத்த வாரமே கூட்டிப் போய் எக்ஸ்ரே எடுத்துவிட்டு எனக்கு போன் பண்ணு. இங்கே ராத்திரியாக இருந்தாலும் பரவாயில்லை.

அன்புடன்,
உன் தங்கை