பச்சையாக்க இன்னொருவர் வேண்டும்

அன்புள்ள ஒற்றுப்புலவனுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அங்கேயும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன். போன வருடம் நீ அனுப்பிய செய்திக்கு நான் பதில் போடவில்லை. தப்பு என்னுடையதுதான், காரணம் சொல்லி உன் நேரத்தை வீணாக்க மாட்டேன். விஷயத்துக்கு வருகிறேன். பழைய நூல்களை எழுத்தாக்கி இணையத்தில் வைப்போமே, அந்த விக்கிமூலத்துக்கு நான் திரும்பிவிட்டேன். இன்றோடு பதினோரு நாள்.

ஆறு வருடம் ஆயிற்றுடா. எப்படித் திரும்பினேன் தெரியுமா? ஒரு பழைய சொல்லுக்குப் பொருள் தேடிக்கொண்டிருந்தேன். தேடலில் ஏதோ ஒரு வேளாண்மை நூலின் பக்கம் வந்து விழுந்தது. இரண்டு வரி படித்ததுமே எங்கேயோ பழகிய வாசகம் என்று தோன்றியது. மேலே ‘வரலாறு’ என்ற தாவலை அழுத்தினேன். கடைசியாகத் தொகுத்தவன் நீ, உனக்கு முன்னால் நான். நான் நாலு வரிக்குக் குறிப்பு எழுதியிருந்தேன். உன் குறிப்பில் ஒரே சொல்: “ஒற்று.” வேறொன்றும் இல்லை. எனக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம் ரொம்ப நேரம் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கடவுச்சொல் மூன்றாவது முயற்சியில் நினைவுக்கு வந்தது. உள்ளே போனால் முகப்பே மாறிப் போயிருக்கிறது. பட்டியல்கள் இடம் மாறிவிட்டன. ஒருவருக்கொருவர் செய்தி எழுதும் பேச்சுப் பக்கத்தில் முக்காற்புள்ளிகளை அடுக்கி, கடைசியில் நாலு அலைக்கோடு போட்டுக் கையெழுத்து வைப்போமே, இப்போது ‘பதிலளி’ என்று ஒரு பொத்தான் இருக்கிறது, அதை அழுத்தி எழுதினால் கையெழுத்தும் தானாக விழுந்துவிடுகிறது. அச்சுப் படத்தை எழுத்தாக மாற்றும் ஒளியுணரியை ஓட்டுவதற்கும் வெளியே எங்கும் போக வேண்டாம், பக்கத்திலேயே வந்துவிட்டது. என் நிருவாகி அணுக்கம், அதாவது தளத்தை நிருவகிக்கும் கூடுதல் உரிமை, போய்விட்டது. இரண்டு வருடம் ஒரு தொகுப்புகூட இல்லாவிட்டால் எடுத்துவிடுகிறார்கள். முறையாக முன்கூட்டியே அறிவிப்பு வைத்திருக்கிறார்கள், பார்க்காதவன் நான். முதலில் கொஞ்சம் வலித்தது, மறைக்க மாட்டேன். யோசித்துப் பார்த்தால் அதுதான் சரி. ஆள் இல்லாத வீட்டின் சாவி யாரோ ஒருவர் பையில் கிடப்பது நல்லதில்லை.

வாத்தியார் இன்னும் இருக்கிறார்! நீ கேட்கப் போகும் முதல் கேள்வி அதுதான் என்று தெரியும். என் முதல் தொகுப்பு விழுந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, என் பேச்சுப் பக்கத்தில் அவருடைய செய்தி. வருக என்றோ எங்கே போனாய் என்றோ ஒரு சொல் இல்லை. அந்த வேளாண்மை நூலின் 158-ஆம் பக்கத்து அட்டவணை பாக்கி இருக்கிறது, அவ்வளவுதான் செய்தி. நேற்றுச் சாயங்காலம் பிரிந்து இன்று காலையில் வந்தவனிடம் பேசுவது மாதிரி. தமிழ் நூல்களை மின்னூலாக்கும் மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று தொடங்கிய காலத்து ஆள் இல்லையா. ஒருங்குறி (யூனிகோட்) எல்லோர் கைக்கும் வராத நாளில் எழுத்துரு எழுத்துருவாக மாற்றி மாற்றி முழு நூல்களைக் கையால் தட்டச்சு செய்தவர். அவருக்கு ஆறு வருடம் ஒரு கணக்கா? எத்தனை பேர் எத்தனை விதமாக வரவேற்றாலும் அந்த ஒரு வரிக்கு ஈடாகாது எனக்கு.

சரி, அந்த நூல். 312 பக்கம். யாரும் திருத்தாத பக்கம் சிவப்பு, ஒருவர் மெய்ப்புப் பார்த்தால் மஞ்சள், இன்னொருவர் சரிபார்த்தால் பச்சை, அந்தக் கணக்கில் நாம் 142 வரை பச்சையாக்கி வைத்துவிட்டுப் போனோம். 143-இலிருந்து எல்லாம் அப்படியே சிவப்பு. ஆறு வருடத்தில் யாருமே தொடவில்லை. நூலின் எல்லாப் பக்கங்களையும் நிறத்தோடு காட்டும் அட்டவணைப் பக்கத்தைத் திறந்தால் பாதிக்குப் பச்சை வயல், அதற்கப்புறம் ஒரே செம்மண். அன்றிரவே 143-ஐத் திறந்து உட்கார்ந்தேன். இடது பக்கம் எழுத்து, வலது பக்கம் பழுப்பேறிய அச்சுப் படம். ‘நாற்று’ எல்லாம் ‘நரற்று’ என்று கிடக்கிறது, ‘பால்’ எல்லாம் ‘பரல்’. துணைக்காலைப் பிடித்து ரகரமாக்கும் அந்தப் பழைய வியாதிதான். 1978-க்கு முந்தைய அச்சு என்பதால் ‘லை’, ‘னை’ எல்லாம் தும்பிக்கை வைத்த எழுத்துகள், அதைக் கண்டால் ஒளியுணரி இன்னும் தடுமாறுகிறது. ‘ஔ’ வர வேண்டிய இடத்தில் ஒகரத்தையும் ளகரத்தையும் ஒட்டி வைத்திருக்கிறது. கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும், தேடினால் அகப்படாது. இதையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே போனேன். விரல்களுக்கு எல்லாம் நினைவிருக்கிறதுடா. பதினொன்றரைக்கு உட்கார்ந்தவன் எழுந்தபோது மணி இரண்டு.

இந்தச் சந்தோஷத்தோடு கடிதத்தை முடித்திருப்பேன். முடிக்க முடியாமல் ஒன்று நெஞ்சில் கிடக்கிறது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

வாத்தியார் செய்திக்கு மேலே, என் பேச்சுப் பக்கத்தில் ஒரு புதுப் பயனர் எழுதி வைத்திருக்கிறார். நான் போன ஐந்தாம் நாள். நான் கடைசியாகச் செய்த வேலைகளில் ஒன்று அவர் மூன்று பக்கங்களில் செய்த மாற்றங்களை நீக்கிப் பழையபடி மீளமைத்தது. அவர் பழைய எழுத்துமுறையை எல்லாம் இக்கால வழக்குக்கு மாற்றி எழுதியிருந்தார். அச்சில் உள்ளபடியே வைப்பது நம் நெறி, அதனால் மீளமைத்ததில் தவறில்லை. ஆனால் நான் காரணம் எழுதவில்லை. சுருக்கக் கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டேன். அவர் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு மணி நேரமாவது செலவிட்டிருப்பார். எனக்கு மூன்று சொடுக்கு.

கோபமாக எழுதியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு உறுத்தியிருக்காது. அவர் கேள்விதான் கேட்டிருந்தார், மூன்று கேள்வி. அச்சகத்தார் விட்ட வெளிப்படையான பிழையையும் அப்படியே விட வேண்டுமா? அட்டவணையில் ௰௫ என்று இருந்தால் அதை 15 என்று மாற்றலாமா? மூன்றாவதுதான் என்னைக் குடைகிறது: இந்த வேலை தனக்குக் கடினமாக இருந்தால், அதைவிட எளிதாகத் தான் செய்யக்கூடியது ஏதாவது இருக்கிறதா? தொந்தரவுக்கு மன்னிக்கச் சொல்லி முடித்திருந்தார். கையெழுத்துப் போடத் தெரியாமல் பெயரைத் தட்டச்சு செய்து வைத்திருந்தார்.

அவருடைய பங்களிப்புகள் பட்டியலைப் போய்ப் பார்த்தேன். அந்தக் கேள்விக்கு அடுத்த வாரம் வேறொரு நூலில் நாலு தொகுப்பு. நாலும் சரியாக இருந்தன, அச்சில் உள்ளபடியே! தானாகவே புரிந்துகொண்டிருக்கிறார். அதற்கு அப்புறம் ஒன்றும் இல்லை.

யோசித்துப் பார். முதல் இரண்டு கேள்விக்கும் பதில் சொல்ல எனக்கு மூன்று நிமிடம் போதும். அச்சுப்பிழையை அப்படியே வைத்து, சரியான வடிவத்தை வார்ப்புரு என்னும் ஆயத்தக் குறியீட்டால் குறித்துவிடலாம். தமிழ் எண்ணைத் தமிழ் எண்ணாகவே விட வேண்டும், ௰௫ என்பதே அந்த அச்சின் சாட்சி. மூன்றாவது கேள்விக்கு எத்தனை பதில் இருக்கிறது! வெற்றுப் பக்கங்களைச் சாம்பல் நிறமாக்கலாம், படம் மங்கிய பக்கங்களை நீலத்தில் குறிக்கலாம், செய்யுள் பக்கமாக எடுத்துக்கொண்டால் வரிகள் குறைவு. நமக்கு இதையெல்லாம் சொல்லிக் கொடுத்தது யார்? நீ வந்த புதிதில் ஒரே நாளில் பதினேழு கேள்வி கேட்டாய், வாத்தியார் பதினேழுக்கும் எண்ணிட்டுப் பதில் எழுதினார். நான் அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்து மறுபடி படித்தேன். ஒன்பதாவது பதில் மட்டும் அரைப் பக்கம். எதைப் பற்றி என்று உனக்கே தெரியும்.

நான் போய்விட்டால் வேலை நின்றுபோகும் என்றுதான் அந்த நாளில் பயந்தேன். வேலை நிற்கவில்லை. நாட்டுடைமை நூல்கள் எத்தனையோ ஏறியிருக்கின்றன, எனக்குப் பெயரே தெரியாத பலர் இரவு பகலாக மெய்ப்புப் பார்த்திருக்கிறார்கள். எழுத்தாளர் மறைந்து அறுபது ஆண்டு முடிந்தால் இந்தியச் சட்டப்படி காப்புரிமை தீர்கிறது அல்லவா, 1965-இல் மறைந்தவர்களின் நூல்கள் 2026 ஜனவரி 1 முதல் பொதுவுடைமை. இப்படி ஆண்டுக்கு ஒரு தொகுதி வந்துகொண்டே இருக்கும். நூல்கள் காத்திருக்கும், அவற்றுக்கு அவசரமில்லை. கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்காக மறுநாளும் அதற்கு மறுநாளும் திறந்து பார்க்கும் மனிதர் காத்திருக்க மாட்டார். இது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

நேற்று அவருடைய பேச்சுப் பக்கத்திலும், என் பக்கத்தில் அவர் கேள்விக்குக் கீழேயும் பதில் எழுதினேன். மூன்று கேள்விக்கும் முழுப் பதில், மீளமைத்ததற்குக் காரணம், மன்னிப்பு. ஆறு வருடத்துக்குப் பின்னால் வரும் பதிலை அவர் பார்ப்பாரா? மின்னஞ்சல் அறிவிப்பை நிறுத்தாமல் விட்டிருந்தால் பார்க்கலாம். எதுவானாலும், இப்போது வேறு யாராவது புதியவர் என் பக்கத்துக்கு வந்தால் கேள்விக்குக் கீழே பதில் இருக்கும். அதோடு, காலையில் எழுந்ததும் முதலில் அண்மைய மாற்றங்களைத் திறந்து புதுப் பெயர் ஏதாவது தெரிகிறதா என்று பார்க்கிறேன். முந்தாநாள் ஒருவருக்கு ‘ஔ’ விவகாரத்தை விளக்கினேன். சாயங்காலத்துக்குள் அவர் முப்பது பக்கத்தில் அதைத் திருத்திவிட்டார். முப்பது!

கணினியே எல்லாவற்றையும் படித்துவிடுமே, இன்னும் எதற்கு இந்த வேலை என்று வீட்டில் கேட்கிறார்கள். உன்னிடமும் கேட்டிருப்பார்கள். பழைய ஒளியுணரி ‘நரற்று’ என்று எழுதினால் பிழை என்று குழந்தைக்கும் தெரியும். புதிய கருவிகள் அப்படி இல்லை. புரியாத இடத்தில் அழகான, பொருத்தமான, அச்சில் இல்லவே இல்லாத ஒரு சொல்லை வைத்துவிட்டுப் போகின்றன. நான் சோதித்த ஒரு பக்கத்தில் ‘வரகு’ என்று அச்சில் இருந்த இடத்தில் ‘வரவு’ என்று வந்தது, வாக்கியமும் பொருள் தந்தது! படத்தையும் எழுத்தையும் வரிக்கு வரி ஒப்பிட்டிருக்காவிட்டால் அந்தத் தானியம் அந்த நூலிலிருந்தே காணாமல் போயிருக்கும். முன்பைவிட இப்போதுதான் கண் வேண்டும். அதுவும் இரண்டு சோடி.

இங்கேதான் நீ வருகிறாய். 143 முதல் 160 வரை முடித்துவிட்டேன், வாத்தியார் கேட்ட அட்டவணை உட்பட. எல்லாம் மஞ்சள். அதைப் பச்சையாக்க என்னால் முடியாது, உனக்கு நினைவிருக்கும், மெய்ப்புப் பார்த்தவருக்கே சரிபார்க்கும் பொத்தான் வராது. எத்தனை தொகுப்பு செய்தவரானாலும் சரி, இன்னொரு கண் பார்க்காமல் ஒரு பக்கமும் பச்சையாகாது. வேறு யாரையாவது கேட்கலாம், இருக்கிறார்கள், நன்றாகவே செய்வார்கள். உன்னைத்தான் கேட்கிறேன். அந்த நூலின் 142 பக்கத்திலும் நம் இரண்டு பேர் பெயரும் அடுத்தடுத்து இருக்கின்றன.

உன் வேலை, அம்மாவின் உடம்பு எல்லாம் எனக்குத் தெரியும். தினமும் வர வேண்டாம். வாரத்துக்கு ஒரு பக்கம் போதும். வராவிட்டாலும் நான் கோபிக்க மாட்டேன், இந்தத் தடவை கடிதமாவது ஒழுங்காகப் போடுவேன். ஆனால் ஒன்று, உன் பேச்சுப் பக்கத்தையும் எட்டிப் பார்த்தேன். அங்கேயும் இரண்டு பேர் காத்திருக்கிறார்கள். ஒருவர் கேட்டிருப்பது வல்லினம் மிகும் இடங்கள் பற்றி. அதற்கு நான் பதில் எழுத மாட்டேன், அது உன் உரிமை.

இன்னொன்று. 143-ஆம் பக்கம், இரண்டாம் பத்தி, மூன்றாம் வரி. ‘நட்டுப் பின்னர்’ என்று அச்சிட்டிருக்கிறார்களா, ‘நட்டு பின்னர்’ என்றா? ‘ப்’ இருக்க வேண்டிய இடத்தில் மை பரவிக் கறுப்பாக நிற்கிறது. பெரிதாக்கிப் பார்த்தேன், புள்ளி இருப்பது போலவும் இருக்கிறது, இல்லாதது போலவும் இருக்கிறது. நான் எதையும் முடிவு செய்யாமல் விட்டு வைத்திருக்கிறேன். நீ பார்த்துச் சொல்.

அன்புடன்,
உன் 142 பக்கக் கூட்டாளி