சேலஞ்சரும் செல்லூரும்

ஆசிரியர் அவர்களுக்கு,

விண்கலங்கள் குறித்த உங்கள் கட்டுரை என்னை 1986-க்கு இழுத்துப் போனது. செல்லூரில் எங்கள் தெருவுக்கே ஒரே டிவி, எங்கள் வீட்டுக் கறுப்பு வெள்ளைப் பெட்டிதான். தறியை நிறுத்திவிட்டுக்கூட வந்து உட்காருவார்கள். ஜனவரி கடைசியில் அமெரிக்காவின் சேலஞ்சர் விண்கலம், கிளம்பிய 73 விநாடியில் சிதறியதைச் செய்தியில் காட்டினார்கள். வெண்புகை இரண்டாகப் பிரிந்து வளைந்தது. தீபாவளி வாணம் என்று நினைத்து நான் கைதட்டினேன் (இன்றும் கூசுகிறது). இந்தி புரியாத அப்பத்தாதான், "உள்ள ஆளுக இருந்தாகளாய்யா?" என்று கேட்டாள். ஏழு பேர்.

நம் இன்சாட்-1பி செயற்கைக்கோளை 1983-ல் சுமந்து போனதும் அதே சேலஞ்சர்தான். தூர்தர்ஷன் ஊர் ஊராகப் பரவியது அந்த இன்சாட்டால். கட்டுரையில் அதை விட்டுவிட்டீர்களே!

வாசகர், செல்லூர், மதுரை.